செத்தவீட்டு அழுகைக்கு மேளம் போட்ட மகனுக்கு

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
09.10.2005

அன்பு மகன் தயாபரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பசுவும் கன்றும் சுகம், அங்கே ஒஸ்லோவில் நீயும் உன் கம்பியூட்டரும் சுகமாக இருக்கக் கண்ணகை அம்மன் துணை. உன் கடிதம் கிடைத்தது. உன்னுடைய வலைப்பதிவுக்கு ஆறாயிரம் பேர் வந்து போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே நயினாதீவுத் திருவிழாவுக்குத்தான் சனம் அப்படி வரும், அதுவும் அன்னதானம் இருப்பதால். நீ என்னத்தைக் கொடுத்து இவ்வளவு பேரைக் கூட்டினாய் என்று பார்க்க அடுத்த வளவுப் பிரியவதனியோடு பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போய், ஒரு இன்ரநெற் கடையில் கதிரை போட்டு இருந்தேன். காதில் எதையோ மாட்டிவிட்டாள். முதலில் மேளம், நல்ல அடிதான், குறை சொல்லமாட்டேன். பிறகு ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாள். ஆரடி பிள்ளை இந்தப் பாட்டுக்காரி, சோறு தண்ணி குடுக்காமல் பாட விட்டவங்களோ என்று கேட்டேன். மாமி, அது நீங்கள்தான் என்றாள்.

போன ஆவணியில் என் அக்கா, உன் மீனாம்பிகைப் பெரியம்மா, செத்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. காதாலாவது கேட்கவேண்டும் என்று நீ அழுதபடியால்தான் பிரியவதனி கை விறைக்க விறைக்க ஒரு மணித்தியாலம் போனைப் பிரேதத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றப் பக்கத்தில் நீ அழுகிறாய் என்று நாங்கள் நினைத்தோம். நீ பதிவு செய்திருக்கிறாய். கொம்பனி இல்லை, முதலாளி இல்லை, நான் சுயாதீன இசைக்கலைஞன் என்று எழுதியிருக்கிறாய். ஒருவரையும் கேளாமல் செய்வதுதான் சுயாதீனம் என்றால் நீ பெரிய கலைஞன்தான். கீழே வந்து எழுதியவர்களையும் பிரியவதனி வாசித்துக் காட்டினாள். ஒருவர் நல்ல பதிவு என்கிறார். இன்னொருவர் கண் கலங்கிவிட்டது, இதைப் போனில் மணியடிக்க வைக்கலாமா என்று கேட்கிறார். பெயரில்லாத ஒருவர், பாடகி சுருதி சேரவில்லை என்கிறார். அக்காவைக் கிடத்திவிட்டுச் சுருதிப்பெட்டியைத் தேடச் சொல்கிறாரோ தெரியாது.

இதெல்லாம் பகிடி. எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்தில். நாலு முழம் கதியாலை அரக்கி வைச்ச என்ரை அண்ணை நாலு சொல்லுப் பேசேல்லையே, என்ரை அக்கா என்று நான் அழுதது அதில் அப்படியே இருக்கிறது. உன் தம்பிராசா மாமா ரொறன்ரோவுக்குப் போக முதல் வேலியை அக்காவின் வளவுக்குள் தள்ளி அடைத்ததும், அதற்குப் பிறகு இருபது வருஷம் அவரும் அக்காவும் பேசாமல் இருந்ததும் ஊருக்குத் தெரியும். செத்தவீட்டில் ஒப்பாரியாகச் சொன்னதை எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுக்குப் பிறகு ஒருவரும் தூக்கிப் பிடிக்கமாட்டார்கள். ஏசி அழுதவளும் ஏச்சு வாங்கினவனும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டு எழும்புவார்கள், அது நம்மட வழக்கம். உன் கம்பியூட்டருக்கு எட்டுச்செலவு இல்லை. மேளம் அடிக்க அடிக்க நான் அவரை ஏசிக்கொண்டே இருக்கிறேன். ரொறன்ரோ மாமி அதைக் கேட்டுவிட்டு மாமாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறா. ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் எடுக்கிறவர் மூன்று ஞாயிறு எடுக்கவில்லை. எனக்கு இனி உடன்பிறப்பென்று இருக்கிறது அவர் ஒருவர்தான், மகன். ஒவ்வொரு ஞாயிறும் போனை மடியில் வைத்துக்கொண்டு உன்னைத்தான் திட்டினேன்.

போன ஞாயிறு மணியடித்தது. அண்ணைதான். நாப்பது தரம் அதைப் போட்டுக் கேட்டிட்டன் தங்கச்சி என்றார். அக்காவை அப்பிடி அழுதனீ, நான் செத்தாலும் என்னை அப்பிடி அழுவியோ என்று கேட்டார். முதல்ல அந்த வேலிக் கதியாலைப் பழைய இடத்திலை நட ஆள் சொல்லுங்கோ அண்ணை, மிச்சத்தைப் பிறகு யோசிப்பம் என்றேன். ஓம் என்றார். நேற்று ஆட்கள் வந்து நட்டுவிட்டுப் போனார்கள். பார்க்கத்தான் அக்கா இல்லை.

ஆகவே அதை அழிக்கச் சொல்லி எழுத வெளிக்கிட்டவள் இப்போது சொல்கிறேன், அழிக்காதே. மேளத்தை மட்டும் எடுத்துவிடு, அதற்குள், இப்போது என்னோடு நிற்கிற அக்காவின் கன்று அன்று கத்துவது கேட்காமல் போகிறது. உன் ஆறாயிரத்தில் மாமாவின் நாற்பதையும் என்னுடைய ஒன்றையும் கழித்துக்கொள். குளிருக்குத் தலைக்கு நல்லெண்ணெய் வை, கண் முழித்துப் பாட்டுக் கட்டாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுங்காலம் இருக்கவேண்டும்.

ஒன்றை மறக்காதே. நான் போகும்போது போனைப் பிடிக்கவேண்டாம் என்று பிரியவதனியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். நீ நேரில் வந்து அழு. சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன்னுடைய பாடகி,
அம்மா சறோஜினிதேவி