இந்துமதிக்கு மட்டும் பிளாங்க்

5 ஜூலை 2025, சனி

புக்கிட் பெலண்டோக் செம்பனைத் தோட்டத்து மண்டபத்தில் இன்று பதினோராவது ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு. ஒன்பது பிள்ளைகள். எட்டுப் பேருக்குக் கால் மணி நேரம் பலப் பயிற்சி, மீதி நேரமெல்லாம் குட்டிக்கரணம், பக்கவாட்டில் சுழலும் கார்ட்வீல், கையூன்றித் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்ட். இந்துமதிக்கு மட்டும் முழு ஒரு மணி நேரமும் பலப் பயிற்சி. சுவரோரமாக முழங்கை ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நிறுத்தி, பிளாங்க். பிறகு உட்கார்ந்து எழுவது. மறுபடியும் பிளாங்க். "முதல்ல கையும் வயிறும் பலமாகணும்மா" என்று சொல்லிவைத்திருக்கிறேன். பயிற்றுநர் வகுப்பில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பொய் இல்லை.

பொய் இல்லையா?

12 ஜூலை

எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். "டீச்சர், நான் ஒன்றரை நிமிஷம் பிளாங்க் பிடிக்கிறேன். ராதா இருவது செகண்ட்லயே விழுந்துடுறா. அவ ஹேண்ட்ஸ்டாண்ட் செய்றா. எனக்கு எப்போ?"

"உன் மணிக்கட்டு இன்னும் சரியா இல்லம்மா."

அவள் மணிக்கட்டை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சுவரோரம் போனாள்.

13 ஜூலை, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மே மாதம், இரண்டாவது வகுப்பு. இந்துமதியை ஹேண்ட்ஸ்டாண்டுக்குத் தூக்கிவிட்டேன். பதினொரு வயது, ஐம்பத்தெட்டு கிலோ. கால்கள் மேலே வந்ததும் என் பிடி நழுவியது. இருவரும் மெத்தை விரிப்பில் விழுந்தோம். அடியொன்றும் இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவளைச் சுவரோரம் அனுப்பிவிட்டேன்.

தெம்பு இல்லாதது எனக்கு. அதற்கு அவளைப் பிளாங்க் பிடிக்க வைத்தேன்.

ராதா லேசான பிள்ளை, ஒரு கையால் பிடித்துவிடலாம். அதனால்தான் அவளைத் தலைகீழாக நிறுத்துகிறேன். அவள் முழங்கை மடங்குவது என் கண்ணுக்குத் தெரியாதா? இரண்டு பேருக்கும் தப்புத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

19 ஜூலை

இந்துமதி வரவில்லை. "அவ இனிமே வரமாட்டாளாம் டீச்சர், கை சரியில்லையாம் லா" என்றாள் ராதா.

வகுப்பு முடிந்து, அவர்கள் வீடு இருக்கும் பக்கமாகவே காரை ஓட்டினேன். வாசலில் யாரோ நின்றார்கள். நிறுத்தாமல் வந்துவிட்டேன். சே, என்ன ஜென்மம் நான்.

20 ஜூலை

இன்று போனேன். இந்துமதியின் அம்மா வள்ளியம்மா அக்கா குழாயடியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. நான் வாய் திறக்கும் முன்பே, "அரை நாள் லீவு போட்டு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன் டீச்சர். கையில ஒண்ணுமே இல்லைங்கிறாரு டாக்டர்" என்றார்.

"அவ கையில ஒண்ணுமில்லக்கா. அவளப் பிடிக்க எனக்குத்தான் தெம்பு இல்ல. பயந்துட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"குண்டா இருக்கறதாலதான் டீச்சர் என்னை ஒதுக்குறாங்கன்னு அழுதா. அப்படியெல்லாம் இருக்காது, டீச்சர் நல்லவங்கன்னு நான்தான் திட்டினேன்."

அவர் குழாயை மூடினார்.

"இன்னொரு ஆள் வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாம்ல? நாளெல்லாம் சாக்கு தூக்குறவ லா நான்."

கதவுக்குப் பின்னால் இந்துமதியின் கால் தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை.

26 ஜூலை

இனி எல்லாருக்கும் அரை மணி நேரம் பலம், அரை மணி நேரம் வித்தை. நானும் கூடவே பிளாங்க் பிடித்தேன். நாற்பது செகண்டில் விழுந்தேன். ராதாவுக்கு ஹேண்ட்ஸ்டாண்டை நிறுத்திவிட்டு, கையூன்றித் தவளைத் தாவல் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இருக்கட்டும்.

இந்துமதி வரவில்லை.

2 ஆகஸ்ட்

இன்றும் வரவில்லை.

9 ஆகஸ்ட்

வந்தாள், அம்மாவோடு. அவர் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு விரிப்பில் மண்டியிட்டார்.

பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னேன்: "இந்துமதி கையில ஒரு குறையும் இல்ல. எனக்குப் பிடிக்கத் தெம்பு இல்லாம நான் பொய் சொன்னேன்." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஒரு தொடையை அக்கா பிடித்தார், மறு தொடையை நான். முதல் தடவை சாய்ந்தாள். இரண்டாவது தடவை நேராக நின்றாள். முழங்கை மடங்கவே இல்லை. இரண்டு மாதப் பிளாங்க்! அதற்கு நான் பெருமைப்பட முடியாது. ஐந்து வரை எண்ணிவிட்டு இறக்கினோம்.

"டீச்சர், உங்க கை நடுங்குது."

"ஆமாம்மா."

அவள் அம்மா பக்கம் திரும்பி, "மா, டீச்சர் பக்கமும் கொஞ்சம் சேத்துப் பிடிச்சுக்கோ" என்றாள்.

அக்கா நகர்ந்து வந்து என் கைக்குக் கீழே கை கொடுத்தார். இந்துமதி மறுபடியும் விரிப்பில் கைகளை ஊன்றினாள்.