ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

செம்பூர், பம்பாய்
14-11-1965, ஞாயிறு

அன்புள்ள மருமகன் தேவசித்தத்துக்கு, கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் சுகமாக வைத்திருப்பாராக.

விசாரணை நடந்த அன்றைக்குக் கோவிலில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். சாலமோன் உபதேசியார். மூப்பர்கள் மூன்று பேர்: அருமைநாயகம், மாசிலாமணி, என் தாத்தா வேதக்கண். எதிரே தரையில் என் ஆச்சி ஞானப்பூ. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதில் நான். மற்ற ஐந்து பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். நீ அச்சுக்குக் கொடுக்கப்போகும் குடும்ப வரலாற்றைத் திருத்த நான் ஒருத்திதான் மிச்சம்.

நீ அனுப்பிய தாள்களை எழுத்துக்கூட்டி வாசிக்க நாலு நாள் ஆயிற்று. பேரப்பிள்ளைகளிடம் நீட்டினால், "ஆச்சி, தமிழ் நஹி ஆத்தா" என்று, தமிழ் வராதென்பதையும் இந்தியில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷ வறட்சியில் வேதக்கண் மூப்பர் ஓய்வுநாளை ஆசரித்தார், கர்த்தர் அவர் பயிரைக் காத்தார் என்று எழுதியிருக்கிறாய். தாத்தா தம் வேதப்புத்தகத்தின் முதல் தாளில் எழுதிவைத்ததைப் பார்த்திருப்பாய். அவர் எழுதியது பாதி.

நம் கிணறு ஏழு பங்கு. ஆளுக்கு ஒரு நாள் இறைப்பு. நம் பங்குக்கு விழுந்தது ஞாயிறு. பக்கத்துப் பங்குக்காரர் பூலோகம் நல்ல மனுஷர், தம் திங்கட்கிழமையை நமக்கு மாற்றிக் கொடுப்பார். அந்த ஆடியில் அவர் செத்துப்போனார். அவர் மகன் மறுத்துவிட்டான். "ஒங்க சாமி ஓய்ஞ்சு கெடந்தா எம் பயிரு எதுக்குவே காத்துக் கெடக்கணும்" என்றான்.

தாத்தா மூன்று ஞாயிறு தண்ணீர் இறைக்காமல் ஜெபித்தார். கேப்பை நுனி கருகியது. நான்காம் ஞாயிறு அவர் கோவிலுக்குப் போனதும் ஆச்சி மாட்டைக் கிணற்றுக் கமலையில் பூட்டினாள். பாரத்துக்கு என்னை வடத்தில் உட்காரவைத்தாள். உருளை கிறீச்சிட்டது பிரசங்கத்துக்கு நடுவே கோவில்வரை கேட்டதாம்.

அடுத்த ஞாயிறு விசாரணை. இவளுக்கு அப்பம் கொடாமல் இராப்போசனத்திலிருந்து விலக்கலாமா என்று உபதேசியார் கேட்டார். அருமைநாயகம் கை தூக்கினார். மாசிலாமணி, "பச்சப்புள்ளைக இருக்க வீடுய்யா" என்று கையைத் தூக்காமல் இருந்துவிட்டார். மிச்சம் தாத்தா கைதான். மெதுவாகத்தான் தூக்கினார். ஆனாலும் தூக்கினார்.

தப்பென்று ஒரு வார்த்தை சொன்னால் சேர்த்துக்கொள்கிறோம் என்று வருஷாவருஷம் கேட்டார்கள். "புள்ளைக கூழு குடிச்சுதுக. அதத் தப்புன்னு எப்படிச் சொல்ல" என்பாள். சாகும்வரை ஒன்பது வருஷம், இராப்போசன ஞாயிறுகளில் கடைசிப் பாயில் தனியாக இருந்தாள். தாத்தா அப்பம் வாங்கிக்கொண்டு அவளைப் பாராமல் திரும்பி வருவார். அந்தக் கேப்பையைத்தான் சித்திரைவரை குடித்தோம். அவரும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுக் குடித்தார்.

இங்கே நாங்கள் இருக்கும் வரிசைவீட்டுச் சாலில் குழாய்க்கும் முறை உண்டு. ஞாயிறும் தண்ணீர் வருகிறது, குடத்தை வைக்காமல் இருக்க முடியவில்லை. என் மகன், உன் அத்தான், குர்லா ஒர்க்ஷாப்புக்கு ஞாயிறும் ஓவர்டைம் போகிறான். டப்பா கட்டிக் கொடுத்துவிடுகிறேன். மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேவ்நாரில் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். தமிழ்க் கோவில் தாராவியில் இருக்கிறது. பஸ் மாறிப் போக முழங்கால் விடவில்லை, கூட்டிப்போக ஆளும் இல்லை. ஞாயிறானால் அடைத்த கதவைப் பார்த்துக்கொண்டு ஒருத்தியாய் ஜெபம் பண்ணுகிறேன். கடைசிப் பாய் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

மருமகனே, கர்த்தர் காத்தார் என்பதை நீ எடுக்க வேண்டாம். தண்ணீர் பாய்ச்சியவள் ஞானப்பூ என்று பக்கத்தில் ஒரு வரி சேர். புத்தக அட்டையிலும் அவள் பெயர் வரட்டும். எனக்கு எழுபத்து மூன்று நடக்கிறது, கண் இருக்கும்போதே அனுப்பு. உனக்கும் உன் வீட்டுக்கும் குறைவில்லாமல் இருக்கும்.

அருமைநாயகத்தை மன்னித்துவிட்டேன், அவர் புத்தி அவ்வளவுதான். உபதேசியாரையும் விட்டுவிட்டேன். பூலோகத்தின் மகனைக்கூட. ஒருவரைத்தான் முடியவில்லை. எனக்கு நுங்கு சீவிக் கொடுத்தவர். அன்றைக்குத் தூக்கிய அதே கையால் என் கையைப் பிடித்து, இந்த எழுத்தையெல்லாம் மணலில் பழக்கியவர். என் தாத்தா வேதக்கண்.

இப்படிக்கு,
உன் அத்தை
மதுரம்