மக்கறோனி வடித்த தண்ணீர்

வட்டக்கச்சி,
17-08-1962.

அன்புள்ள விமலேஸ்வரிக்கு,

நான் சுகம். உம்முடைய சுகம் மாமியின் கடிதத்தில் பார்த்தேன். இதற்கு முன் நான் எழுதிய மூன்று கடிதத்திலும் நான் சுகம் விசாரிக்கவில்லை. முதலாவதில் அலுமாரித் திறப்பு எங்கே என்று கேட்டிருந்தேன். அடுத்ததில் என்னுடைய காக்கிக் காற்சட்டை. மூன்றாவதில் எப்போது திரும்பி வருகிறீர் என்று. பதில் வராததற்குத் தபால்காரனைத் திட்டினேன். அவனில் பிழையில்லை.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. ஆனால் இந்தக் கடிதத்தைப் புதன் இரவு தொடங்கி இரண்டு தரம் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வாசியும்.

புதன்கிழமை வேலைத்தலத்தில் இருந்து வெள்ளென வந்தேன். சாப்பாட்டுக் கடைச் சோறு நாக்கில் வைக்க முடியாது. அலுமாரியில் எங்கள் கந்தோர் யோகநாதன் கொழும்பில் இருந்து கொண்டுவந்த மக்கறோனியில் ஒரு பைக்கற்றும், ஒரு ரின் மீனும், சோஸ் போத்தலில் அடிச் சோஸும் கிடந்தன. இருபது நிமிட வேலை என்று நினைத்தேன். எனக்குத்தானே தெரியும், நான்தானே மணிக்கூடு வைத்துச் சமைத்துக் காட்டியவன்.

குசினி அண்டாவைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. நீர் அம்மா வீட்டுக்குப் போனபிறகு நான் குளிப்பதும் குடிப்பதும் வேலைத்தலத்தில்தான், அண்டாவைத் திறந்ததே இல்லை. கிணற்றில் வாளியை விட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை, சேறு அடித்த சத்தம் கேட்டது. மேலே வந்தது களியும் ஒரு தவளையும். மூன்று தரம் விட்டுப் பார்த்தேன். பிறகு சைக்கிள் கரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு, பச்சையாய்த் தெரிந்த ஒரே வளவான இஸ்ஸதீனுடைய வளவுக்குப் போனேன்.

கிணற்றடியில் அவருடைய மனுசி சபூறா நின்றா. என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தா. “ஓவசியர் ஐயா, இந்தக் குடத்துக்கு எங்கட கிணத்துக்கு வழி தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது, அதுதான் வர இவ்வளவு நாள் செண்டிருக்கு” என்றா. எனக்கு விளங்கவில்லை. விளக்கமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். திருத்த வேலைக்கு வாய்க்காலை மறித்த கிழமையில் இருந்து நீர் தினமும் அங்கே வந்ததாகச் சொன்னா. காலையில் மூன்று நடை, பின்னேரம் இரண்டு நடை. “நான் ஒருநாள் கேட்டன், வயித்தில பிள்ளையோட ஏன் பிள்ளை சுமக்கிறாய், மனுசனிட்டச் சொல்லன் எண்டு. அவருக்குப் பெரிய பெரிய தண்ணியெல்லாம் பாக்க இருக்கு எண்டு சிரிச்சா” என்றா. ஒருநாள் நீர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வரம்பில் நெடுநேரம் இருந்தீராம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தீராம். மிச்சத் தூரம் அவா குடத்தைக் கொண்டுவந்து எங்கள் படலையில் வைத்துவிட்டுப் போனாவாம். அன்று நான் வீட்டில்தான் இருந்திருக்கிறேன். படம் கீறிக்கொண்டு.

திரும்பி வரும்போது வரம்பில் சைக்கிள் சரிந்து குடம் கவிழ்ந்தது. மறுபடி போனேன். சபூறா தானே வாளியை விட்டு இறைத்துக் குடத்தை நிரப்பினா, அது இன்னும் மோசமாக இருந்தது. இந்த முறை சைக்கிளை விட்டுவிட்டுத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். மக்கறோனி வாயில் வைக்க எட்டரை மணி ஆகிவிட்டது. வடித்த தண்ணீரைச் சட்டியோடு பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். அதை ஊற்ற மனம் வரவில்லை.

அப்போதுதான் நீர் போவதற்கு முந்திய அந்த வியாழக்கிழமை முழுதாய் ஞாபகம் வந்தது. யோகநாதனும் நில அளவைப் பகுதிப் பொடியள் இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். நீர் சோற்றுக்குப் பெரிய சருவத்தில் உலை வைத்திருந்தீர், கொதித்துக்கொண்டிருந்தது. நான் குசினிக்குள் வந்து, அரிசியைப் போடவேண்டாம், இண்டைக்கு நான் சமைக்கிறன் என்றேன். “இவா ஒரு சோறு கறிக்கு ரெண்டு மணித்தியாலம் எடுக்கிறா. வேலையை ஒழுங்குபடுத்தத் தெரியாது. நேரத்தைக் குறியடா மச்சான்” என்று யோகநாதனிடம் மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். மக்கறோனி வெந்ததும் நீர் புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் கொட்டி, முற்றத்தில் வைத்து வடித்தேன். ஒட்டாமல் இருக்க அண்டாத் தண்ணீரை மொண்டு மொண்டு இரண்டு தரம் அலசினேன். நீர் ஓடிவந்து, “ஐயோ, அந்தத் தண்ணியை ஊத்தாதேங்கோ” என்றீர். “ஏன், மக்கறோனித் தண்ணியில முழுகப் போறீரோ?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீரும் சிரித்தீர். நீர் சிரித்ததால் பகிடி உமக்கும் பிடித்தது என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று அந்தக் குடத்தை அளந்தேன். இரண்டே முக்கால் கலன் பிடிக்கிறது. அன்று வடித்தது இரண்டு கலன், அலசியது மூன்றரைக் கலன். இரண்டு குடம். இஸ்ஸதீனின் கிணற்றுக்கு அளவைச் சங்கிலி போட்டுப் பார்த்தேன், கால் மைல் கட்டைக்கு ஒரு சங்கிலிதான் குறைவு. ஒரு நடைக்கு ஒரு குடம், போகவர அரைக் கட்டை என்றால், நான் ஒரு நிமிடத்தில் முற்றத்தில் ஊற்றியதற்கு நீர் ஒரு கட்டை நடந்திருக்கிறீர், ஐந்து மாதக் கர்ப்பத்தோடு. இந்தக் கணக்கை எழுத என் கை கூசுகிறது. எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான்.

அதற்கும் மேலே ஒன்று. மறுநாட் காலை ஒரு கால அட்டவணை எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினேனே. “கொதிநீரில் மக்கறோனி இடல், பத்து நிமிடம்” என்று அதில் முதல் வரி. கொதிநீர் எங்கிருந்து வந்தது என்று அதில் இல்லை. விறகைக் கொத்தினது யார், வெங்காயத்தை உரித்து வைத்திருந்தது யார் என்றும் இல்லை. நீர் அதை வாசித்தீர். கிழிக்கவில்லை. இரண்டு நாள் அதற்குக் கீழே நின்று சமைத்தீர். ஞாயிறு உம்முடைய தம்பி நடராசா வந்து, அம்மாவுக்கு ஏலாது என்று சொல்லி உம்மைக் கூட்டிப்போனான். தாய்வீட்டுக்குப் போவது ஏழாம் மாதந்தானே வழக்கம் என்று நான் அவனோடு வாதாடினேன். மாமிக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

புதன்கிழமை எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, கோபம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று நாலு பக்கம் எழுதினேன். எழுதிக்கொண்டு போகப் போகத்தான், நீர் சொன்னது ஞாபகம் வந்தது. கிணற்றுத் தண்ணீர் அடியில் கிடக்கிறது என்று நான் முகம் வழிக்கும்போது சொன்னீர். பிறகு ஒருநாள் சொன்னபோது நான் காகிதமெடுத்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடினால்தான் நிலத்துக்குள் கசிந்து கிணறு ஊறும், மறித்தால் வற்றும், இது இயற்கை என்று படம் கீறி விளங்கப்படுத்தினேன். நல்ல படம். அந்தக் காகிதத்தைக் கிழித்தேன், நாலு பக்கக் கடிதத்தையும் கிழித்தேன்.

வாய்க்காலை மறித்தது நான். திருத்த வேலை மூன்று கிழமையில் முடியும் என்று சொல்லிவிட்டுப் பதினொரு கிழமை இழுத்ததும் நான். மேலே அனுப்பிய அறிக்கையில், குடியேறியவர்களிடமிருந்து முறைப்பாடு எதுவும் இல்லை என்று எழுதினேன். நேற்று வியாழன் காலை வாய்க்கால் ஓரமாக நடந்து வீடு வீடாகப் பார்த்தேன். பதினாறு கிணறு வற்றியிருக்கிறது. அன்னபாக்கியம் அக்கா, “வாங்கோ தம்பி, கிணத்துக்குள்ள எட்டிப் பாருங்கோ, உங்கட முகம் தெரியாது” என்றா. யாரும் முறைப்பாடு செய்யவில்லை என்பது உண்மைதான். நான் யாரிடமும் கேட்கவில்லை. அறிக்கையைத் திருத்தி என் பிழை என்றே எழுதி அனுப்பிவிட்டேன். வருகிற கிழமை தண்ணீர் விடுவார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், வரட்டும்.

யோகநாதனிடமும் சொன்னேன். மக்கறோனிக் கதையை அவன் கந்தோர் முழுக்கப் பரப்பி வைத்திருந்தான், இருபது நிமிட ஓவசியர் என்றுதான் எனக்குப் பெயர். இரண்டு குடத்தின் கதையைச் சொன்னபோது சிரிக்கத் தொடங்கினவன் பாதியில் நிறுத்திவிட்டு, “எனக்கேன் மச்சான் இதைச் சொல்லுறாய், போய் மனுசியிட்டச் சொல்லு” என்றான்.

மாமி எழுதியிருக்கிறா, மருத்துவிச்சி உம்மைப் படுக்கையில் வைத்திருக்கிறாவாம், இரத்தம் கண்டதாம். பிள்ளை பிறந்தபின்னும் நீர் கண்டாவளையிலேயே நிற்பது நல்லதாம். கடிதம் வந்த அன்று நான் அதை மேசையில் எறிந்தேன். இன்று ஆறாம் தரம் வாசித்தேன். மாமி எழுதியதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

திரும்பி வாரும் என்று கேட்கமாட்டேன். எங்கே இருப்பது என்பதை நீர் தீர்மானியும். 25ஆம் திகதி சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கண்டாவளைக்கு வருகிறேன். என்னைப் பார்க்க மனமில்லாவிட்டால் நடராசாவைப் படலையில் நிற்கச் சொல்லும். நான் ஒன்றும் கேளாமல் அப்படியே திரும்பிவிடுவேன், அவனோடு வாதாடமாட்டேன். பிள்ளை பிறந்தால் மட்டும் ஒரு வரி எழுதிப் போடும். உரிமை என்று கேட்கவில்லை.

கடவுள் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். மருத்துவிச்சி எழும்பச் சொல்லும்வரை எழும்பாதேயும். மாமி மறித்தாலும் மறிக்காவிட்டாலும், ஒன்றையும் தூக்காதேயும்.

உம்முடைய
தவராசா