கைப்பிடியில் தொங்கும் துண்டு

பிப்ரவரி 6, வியாழன்

பெங்களூரிலிருந்து மணிகண்டன் என்ற எலக்ட்ரீஷியன் வந்திருக்கிறார். நீச்சல்குளத்து மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் இனி ரேவதி மேடம் அங்கிருந்தே போனில் போடலாம், அணைக்கலாமாம். நாங்கள் காவலுக்கு இருக்கும் இந்தப் பண்ணை வீட்டுக்கு அவர்கள் எப்போதாவதுதான் வருகிறார்கள். பிறகு எதற்கு இது? கேட்கவில்லை. ஒன்பதாவதோடு பள்ளியை நிறுத்தியபோதே ஏன் என்று கேட்காதவள் நான்.

பிப்ரவரி 7

மோட்டார் அறைச் சுவரில் வெள்ளைப் பெட்டி மாட்டியாயிற்று. பக்கத்தில் மோட்டாரை நிறுத்தும் பழைய இரும்புக் கைப்பிடி அப்படியே இருக்கிறது. ஆனால் அதில் இப்போது ஒயர் இல்லை. குளத்தைச் சுத்தம் செய்ய இறங்குமுன் அப்பா அதைக் கீழே இறக்கிவிட்டுத் தன் துண்டைத் தொங்கவிடுவார். துண்டு தொங்கினால் தண்ணீருக்குள் ஆள் என்று அர்த்தம். மேடம்கூட அதைத் தொடமாட்டார்கள்.

மணிகண்டன் அண்ணன் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "பாப்பா, உள்ள செவப்பு பட்டன் இருக்கு. அமுக்குனா எல்லாம் நின்னுரும். ரெண்டு சாவியையும் அவங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க. நீ ஒண்ணு கேட்டு வாங்கி வெச்சுக்கோ."

நானா?

பிப்ரவரி 15

கேட்டுவிட்டேன்! "மேடம், அந்தப் பெட்டி சாவி..." அவ்வளவுதான் வந்தது.

"அய்யோ, அதெல்லாம் நீங்க தொடக்கூடாதும்மா, ஷாக் அடிக்கும். கங்கப்பா, மோட்டார் போடறதுக்கு முன்னாடி நானே உனக்கு போன் பண்றேன். ஆய்த்தா, சரியா?"

"சரிங்கம்மா" என்றார் அப்பா. அவர்கள் போனதும் அப்பாவுக்கு ஒரே கேலி. "எங்க ஊமச்சி வாயத் தொறந்துட்டா! இனி இவளப் புடிக்க முடியாது."

மார்ச் 5

மேடம் சொன்னபடி போன் செய்கிறார்கள். அப்பா ஈரக்கையோடு ஓடிவந்து, "போடுங்கம்மா" என்கிறார். ஆனாலும் துண்டைத் தொங்கவிடாமல் இறங்குவதில்லை.

"ஒயரே இல்லாத கம்பிக்கு எதுக்குய்யா துண்டு?" என்றாள் அம்மா.

"பழகிப்போச்சு சரசு. அது அங்க தொங்குனாத்தான் எனக்கு உள்ள தம் புடிக்க வருது."

மார்ச் 22, சனி

அப்பா —

மார்ச் 27

மண்ணில் வைத்தாயிற்று. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

அன்று மேடம் விருந்தாளிகளோடு வருவதாக இருந்தது. குளத்தின் அடியில் தண்ணீர் போகும் துளையில் இலை அடைத்திருந்தது. சல்லடையைக் கழற்றிவிட்டு அப்பா கையை உள்ளே விட்டிருந்தார். மோட்டார் சத்தம் கேட்டது. அப்பா மேலே வரவில்லை. அம்மா புடவையோடு குதித்து இழுத்தாள். மோட்டார் உள்ளே உறிஞ்சிய கை வரவே இல்லை. நான் மோட்டார் அறைக்கு ஓடினேன். கைப்பிடியை இறக்கப் போனேன். அது இறங்கித்தான் இருந்தது. துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியைக் கல்லால் அடித்தேன், திறக்கவில்லை. மேடத்துக்கு போன் போட்டேன். பிஸி. பிஸி. எடுத்ததும், "நிறுத்துங்க! மோட்டார நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"யாரு பேசறது?"

என் குரலே அவர்களுக்குத் தெரியவில்லை.

மோட்டார் நின்றது. அப்பாவும்தான்.

மார்ச் 29

மேடம் வந்தார்கள். அத்திப்பள்ளியில் வண்டிகள் நகராமல் நின்றனவாம். வருவதற்குள் தண்ணீர் சுத்தமாகட்டுமே என்று காரிலிருந்தே போட்டார்களாம். அம்மா கையைப் பிடித்து அழுதார்கள். "கங்கப்பாவுக்கு போன் பண்ண மறந்துட்டேன் சரசம்மா. உள்ள ஆள் இருக்குன்னு ஆப்ல காட்டலயே."

போகும்போது பெட்டிச் சாவியை என் கையில் வைத்தார்கள். நான் கேட்டது ஞாபகம் இருந்திருக்கிறது.

ஏப்ரல் 13

பண்ணை வீட்டைக் காலி செய்தோம். சாவியை அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டேன். துண்டை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 18

ஜூஜுவாடியில் வாடகை வீடு. பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் லைனில் நிற்கிறேன். இன்று பெல்ட்டுக்கு அடியில் அட்டை சிக்கிக்கொண்டது. ஸ்விட்சை அணைத்து, அப்பாவின் துண்டை அதன்மேல் தொங்கவிட்டுக் கையை உள்ளே விட்டேன்.

"ஏம்மா, துணி காயப்போட வேற எடமே கெடைக்கலயா?" என்று சூப்பர்வைசர் அதை எடுக்கப் போனார். எல்லாரும் சிரித்தார்கள்.

"எடுக்காதீங்க. உள்ள என் கை இருக்கு."

லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் கையை எடுத்துக்கொண்டார். அட்டை வரும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு துண்டை நானே எடுத்தேன்.