லைட்டைத் தூக்குடா

மாப்ள,

உன் வீடியோ லைட்டை இன்று காலையில் எரியவிட்டேன். பரணில் சாக்குக்குள் கிடந்தது. பல்பில் படிந்திருந்த தூசி கருகியதும் அறை முழுக்க அந்தப் பழைய வாடை. கல்யாண வீட்டு ஜெனரேட்டர் புகையும், ஈசல் தீய்ந்த நாற்றமும், உன் வேர்வையும் சேர்ந்து அடிக்குமே, அதில் பாதிதான் வந்தது. மீதிக்கு நீ வேண்டும்.

எதற்கு எடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். நான் கேமரா தூக்கி வருஷக்கணக்காகிறது. கொல்லங்கோட்டு வீட்டில் உட்கார்ந்தபடியே சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் செய்கிறேன். ஒரு படத்துக்குப் பழைய காலத்துக் கல்யாணப் பந்தல் வேண்டும் என்றார்கள். என் தங்கச்சி கல்யாணக் காசெட்டைக் கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "குடு, குடு. என்ற மொகத்த மட்டும் கொஞ்சம் செவப்பாக் காட்டச் சொல்லு" என்றாள். கோவிந்தாபுரத்தில் நடந்த கல்யாணம். கேமரா என் தோளில், லைட் உன் கையில்.

இப்போது ஏஐ வந்திருக்கிறது, மாப்ள. பழைய வீடியோவைக் கொடுத்தால், ஒவ்வொரு பொருளின் சொந்த நிறத்தையும் அதன்மேல் அன்றைக்கு விழுந்த வெளிச்சத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. சாயம் ஏறிய வேட்டியை வெளுத்துக் கொடுப்பது போலத்தான். வெளுத்த பந்தலையும் மணவறையையும் எடுத்து வைத்துக்கொண்டால், அதன்மேல் காலை வெயிலைப் போடலாம், குத்துவிளக்கைப் போடலாம், நிலாவைக்கூடப் போடலாம். பட்டுச் சேலை அந்தந்த வெளிச்சத்துக்குத் தக்கபடி மின்னும். உரித்தெடுத்த பழைய வெளிச்சம் யாருக்கும் வேண்டாம், அழித்துவிடுவதுதான் வழக்கம். அழிக்கப் போன நேரத்தில்தான் எனக்கு உறைத்தது, அந்தக் காசெட்டில் நீ இருப்பதே அந்த வெளிச்சமாகத்தான் என்று.

உன் மனைவி என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். போன வருஷம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய், திரும்பி வராமல் போன பிறகு கேட்டது. "அண்ணா, நீங்க எடுத்த காசெட்டுல எதுலயாச்சும் அவுங்க நடமாடற மாதிரி இருந்தாக் குடுங்க. போட்டோவுல அசையவே மாட்டேங்கறாங்க." நானும் தேடித் தேடிப் பார்த்தேன். ஊரிலுள்ள அத்தனை பேரும் அசைகிறார்கள், நீ மட்டும் இல்லை. உங்கள் நிக்காஹ் காசெட் பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. கைக்குக் கை செல்போன் வந்த பிறகும், யார் எடுத்தாலும் பிடுங்கிக்கொண்டு "நீங்க நில்லுங்க, நான் எடுக்கறனுங்க" என்று பின்னால் போய்விடுவாய். லைட் பிடித்தவன் புத்தி எங்கே போகும்!

அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு நொடியும் லைட் எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னேன். மூக்கின் நிழலையும் நகையின் மினுக்கத்தையும் வைத்து அது கணக்குப் போட்டது. சாம்பல் நிறப் பந்தலில், சாம்பல் நிற ஆட்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் புள்ளி தோன்றி நடக்க ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் பக்கம் போய் நின்றது. மணவறையைச் சுற்றியது. பந்தி வரிசையில் நுழைந்ததும் ஒரு பெரியவருக்கு முன்னால் வெடுக்கென்று பின்வாங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க தம்பி, எலையில பல்லி கில்லி உழுந்திருக்குதான்னு தேடறீங்களா?" என்று அவர் கேட்டதும், "இல்லீங்க, பாயசம் பத்துலீன்னா சொல்லலாம்னுதானுங்க" என்று நீ சமாளித்தாயே, அந்த இடம்.

பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. தங்கச்சி அம்மாவின் தோளில் சாய்ந்ததும் புள்ளி சரசரவென்று இறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. அன்றைக்கு நான் கத்தினேன், "லைட்டத் தூக்குடா! படம் பூரா இருட்டடிக்குதடா!" நீ தூக்கவில்லை. வயரைச் சுருட்டும்போது சொன்னாய், "அழுகறவங்களுக்குக் கொஞ்சம் இருட்டு வேணும் மாப்ள. கண்ணத் தொடைக்கோணுமல்லோ." அந்தக் காசெட்டைப் பார்க்கிறவர்கள் எல்லாம் நம் தங்கச்சி கண்ணில் ஒரு சொட்டு விடாமல் புருஷன் வீட்டுக்குப் போனதாக இன்றும் நம்புகிறார்கள். அவள் இன்னும் உன்மேல் அந்தக் கோபத்தை வைத்திருக்கிறாள், பாசத்தோடுதான்.

அந்த இருட்டையும் இப்போது வெளிச்சமாக்கிவிடலாம். சினிமா கம்பெனியில் அப்படித்தான் கேட்டார்கள். பந்தலுக்கு எந்த வெளிச்சம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், பெண்ணை அனுப்பும் காட்சிக்கு மட்டும் இந்தப் பழைய லைட்டே போகட்டும், அது இறங்குகிற இடத்தில் இறங்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். அதற்கு நிறம் பார்க்கத்தான் இன்று உன் லைட்டை எரித்தது.

நேற்று மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உன் பலசரக்குக் கடைக்குப் போனேன். கடையை இப்போது உன் மனைவிதான் பார்க்கிறாள். மழை மூட்டம், உள்ளே டியூப் லைட் எரிந்தது. அரிசி மூட்டை மேல் வைத்துக் காட்டினேன்.

"இதென்னங்கண்ணா, மின்னாம்பூச்சியா?"

"அவன் கையில இருந்த லைட்டும்மா. அவன் போன எடமெல்லாம் போகும்."

அதற்கப்புறம் அவள் கண்ணை எடுக்கவில்லை. புள்ளி ஓரிடத்தில் வலமிருந்து இடம் மாறியது. "கை மாத்தறாங்க" என்றாள். "சோத்துக்கைத் தோளு அவுங்களுக்கு எப்பவுமே நோவும்." தங்கச்சி சாய்ந்தாள், புள்ளி தரைக்கு இறங்கியது. உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவுங்களேதாண்ணா. எங்கம்மா மவுத்தான அன்னைக்கு நான் அழுதுட்டிருந்தப்ப, லைட்ட அமத்திப் போட்டு வாசல்ல போயி நின்னுக்கிட்டாங்க. ஆறுதலா ஒரு வார்த்த சொல்லாமப் போறாங்களேன்னு இத்தன வருசமா மனசுல வெச்சிருந்தேன்."

நீ வயர் சுருட்டியபடி சொன்னதை அவளிடம் சொன்னேன். கேட்டதும் உடைந்து அழுதாள். எழுந்து டியூப் லைட்டை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றேன்.

சாமான் வாங்க ஒருவர் வந்தார். "ஏனுங்க, கடை இல்லீங்களா?"

"கரண்ட் இல்லீங்க. கொஞ்சம் பொறுத்து வாங்க."

எதிர்க்கடையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். உள்ளே அவளுக்கு இருட்டு இருந்தது, மாப்ள. தெருவில் எனக்குத்தான் இல்லை.