மூச்சு விடக்கூடிய ஜாக்கெற்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
18 ஜனவரி 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணா பிள்ளைகளின் சளித் தடிமனும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கிளெமென்ற் அண்ணா நோர்வேயிலிருந்து அனுப்பிய பொதி வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஒருகொடவத்தைச் சுங்கத்தில் அதை எடுக்கப் போன இடத்தில், சுழியோடுகிற சாமான் தமிழ்ப் பொம்பிளைக்கு என்னத்துக்கு என்று ஆள் மாறி ஆள் கேட்டார்கள். யுத்தநிறுத்தம் வந்து ஒரு வருடமாகப் போகிறது, இன்னும் அதே கேள்வி. பவளப்பாறை கணக்கெடுக்கிற வேலை என்று எங்கள் கடலாராய்ச்சி நிலையத்தின் கடிதத்தைக் காட்டி, பின்னேரம் வரை நின்று எடுத்துவந்தேன். வீட்டில் பிரித்தால், அம்மா, ஆம்பிளை ஜாக்கெற்!

எங்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரைத் தாங்குவது இந்த ஜாக்கெற்தான். அதற்குள் காற்றை நிரப்பினால் மிதக்கலாம், திறந்துவிட்டால் கீழே போகலாம். உயிரே அதில் இருக்கிறது. நிலையத்தில் உள்ளதெல்லாம் ஆம்பிளைகளுக்குத் தைத்தவை. நவம்பரில் ஹிக்கடுவையில் மேலே வந்து காற்றை நிரப்பினேன். கடல் கொந்தளிப்பு. தோள் பெரிதென்றபடியால் ஜாக்கெற் காதுவரை ஏறி, வாயிலிருந்த மூச்சுக் குழாயைத் தட்டிவிட்டது. நெஞ்சுப் பட்டி இறுக்கியதில் மூச்சை இழுக்கவும் முடியவில்லை. உப்புத் தண்ணீர் குடித்துத் தத்தளித்தேன். எங்கள் குழுத் தலைவர் ஹியூபேட்தான் பிடித்து வள்ளத்தில் ஏற்றினார். ஏற்றிவிட்டுச் சொன்னது என்ன தெரியுமா? "டோரின், நீர் இனி வள்ளத்தில இருந்து குறிப்பெழுதும். இது பொம்பிளையளுக்குச் சரிவராது."

சரிவராதது ஜாக்கெற், அம்மா. நானில்லை.

அதனால்தான் பெண்களுக்கென்று வெட்டித் தைத்ததை வாங்கச் சொல்லி அண்ணாவுக்கு நெஞ்சளவு, தோளளவு எல்லாம் எழுதினேன். அவரோ சின்ன அளவு ஆம்பிளை ஜாக்கெற்றை அனுப்பி, "பொம்பிளையளுக்கெண்டு வேற ஒண்டும் இல்லை, இது போதும்" என்று ஒரு துண்டுக் கடிதம் வைத்திருக்கிறார். நெஞ்சுப் பட்டியின் பூட்டே எட்டவில்லை. கடைக்காரரிடம் ஒரு வார்த்தையாவது கேட்டாரா என்று விசாரித்து எழுதுங்கள்.

கோபத்தோடும் அன்போடும்,
டோரின்


பேர்கன், நோர்வே
3 பெப்ரவரி 2003

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடலில் மூச்சுமுட்டினதை நவம்பரிலேயே ஏன் எழுதவில்லை?

அண்ணா பாவம். வேலையால் வந்து, பனிக்குள் காரை எடுத்துக்கொண்டு போய் உனக்காக வாங்கினவன். அவனைக் குறை சொல்லாதே. ஒரு குமர்ப்பிள்ளை தன் நெஞ்சளவைத் தமையனுக்கு எழுதுகிறதா? வாசித்துவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

ஹியூபேட் தம்பி சொன்னது நல்லதுக்குத்தான். வள்ளத்திலேயே இரு. சம்பளம் குறையாதுதானே? இந்தச் சமாதானம் எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும்? திரும்பச் சண்டை தொடங்கினால், கடலுக்குள் போய்வருகிற தமிழ்ப் பிள்ளையை யார் சும்மா விடுவார்கள்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தால் எனக்கும் கதைக்க ஒரு ஆள் கிடைக்கும். இங்கே காலையில் எல்லாரும் போனால் பின்னேரம் வரை நானும் சுவரும்தான்.

உன்னை நினைத்து ஜெபிக்கும்
அம்மா


கொட்டாஞ்சேனை
16 பெப்ரவரி 2003

அம்மாவுக்கு,

வெட்கமா? எனக்கு நெஞ்சு இருக்கிறதென்று நான் வெட்கப்பட வேண்டுமா? அதை மறந்துபோய் ஜாக்கெற் தைத்தவனும் வாங்கினவனும் வெட்கப்படத் தேவையில்லையா?

நேற்றுக் கொள்ளுப்பிட்டியில் டைவிங் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். அங்கேயும் ஆம்பிளை ஜாக்கெற்தான். கடைக்காரர் சிங்களத்தில், "ஸ்மோல் சைஸ் எக்க கன்ன மிஸ், ஹரி" என்றார், சின்ன அளவை எடுத்தால் சரியாம். "நீங்கள் உங்கட மகன்ர கால்சட்டையைப் போடுவீங்களோ?" என்று நானும் சிங்களத்தில் கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் கேட்பது ஆடம்பரமில்லை. தோள்வார் நெஞ்சை நசுக்காமல் ஓரமாக வளைந்து வரவேண்டும். நெஞ்சுப் பட்டியை மேலும் கீழும் நகர்த்த முடிய வேண்டும். முதுகு கட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் இடித்து மேலே ஏறும். காற்று முழுக்க நிரம்பின பிறகும் மூச்சு விட முடிய வேண்டும். இவ்வளவுதான்.

மே மாதம் தென்மேல் காற்றுத் தொடங்கினால் இந்தப் பக்கக் கடல் மூடிவிடும். ஏப்ரலில்தான் பெரிய கணக்கெடுப்பு. அதற்குள் ஜாக்கெற் வராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் போடுவதாக ஹியூபேட் சொல்லிவிட்டார். நான்கு வருடமாக நான் எண்ணின பாறைகள் அவை.

அண்ணா அனுப்பினதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வள்ளத்தில் இரு என்று எனக்கு இனி எழுதாதீர்கள். அப்படி எழுதுவதானால் கடிதமே வேண்டாம்.

டோரின்


பேர்கன்
9 மார்ச் 2003

என் மகளே,

கடிதம் வேண்டாம் என்றாய். நான் எழுதுவேன், நீ வாசித்துத்தான் ஆகவேண்டும்.

திரும்பி வந்த ஜாக்கெற்றைக் கடையில் கொடுக்கக் கிளெமென்ற் நேற்றுப் புறப்பட்டான். நானும் காரில் ஏறினேன். கடையில் அவன் கதைத்துக்கொண்டு நிற்க, அதை எடுத்து சேலைக்கு மேலே போட்டேன். என் சட்டையை அளவு பார்க்காமல் போடுகிறவள் நீ. எனக்கு எப்படியோ உனக்கும் அப்படித்தானே?

"அம்மா, பகிடி பண்ணாதேங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்றான். "பாக்கட்டும். காத்தை நிரப்பச் சொல்லு" என்றேன்.

கடைக்காரப் பெடியன் பட்டியை ஒருமாதிரி இழுத்துப் பூட்டிக் காற்றை நிரப்பினான். ஐயோ டோரின்! இரண்டு பக்கமும் பலகை வைத்து நெரித்த மாதிரி. கழுத்துப் பக்கம் ஏறி நாடியில் இடித்தது. கழட்டு என்று சொல்லக்கூட மூச்சு வரவில்லை, கையைக் காட்டினேன். தரையில் நின்ற எனக்கே இந்தப் பாடு. உன் தலைக்கு மேலே அலை அடித்திருக்கிறது.

உன் அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு வந்த ஆத்திரம், நீங்கள் இரண்டு பேரும் பிறந்த நாளிலிருந்து எனக்கு வந்ததில்லை.

"பொம்பிளையளுக்கு வேற இல்லையோ எண்டு இவனைக் கேள்" என்றேன். கேட்டான். மேல்மாடியில் ஒரு வரிசையே இருக்கிறதாம்! முதலில் வந்தபோது ஏனடா கேட்கவில்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "தங்கச்சியின்ர உடம்பைப் பற்றி ஒரு ஆம்பிளையோட எப்பிடி அம்மா கதைக்கிறது?" என்றான்.

"அவள் மூச்சுமுட்டிச் சாகலாம், நீ கதைக்கக் கூடாது. அப்பிடியோ?"

கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். ஒன்று அக்குளை அறுத்தது. ஒன்று நல்ல வடிவு, ஆனால் கனம். இன்னொன்று பூப்போட்டது, காற்று நிரம்பியதும் வயிற்றை அமத்தியது. கடைசியாக ஒரு கறுப்பு ஜாக்கெற். வார் வளைந்து வருகிறது, பட்டி நகர்கிறது, முதுகு கட்டை. முழுக்க நிரப்பச் சொல்லி, கைகளை உயர்த்தி, குனிந்து, இருமி, அருள் நிறைந்த மரியே முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். மூச்சுத் தட்டவில்லை. அதைத்தான் அனுப்புகிறேன்.

வெட்கம் என்று எழுதினேனே, அந்த வரியை வெட்டிவிடு.

பயம் எனக்குப் போகவில்லை, போகவும் மாட்டாது. ஆனால் நீ போ.

அம்மா


கொட்டாஞ்சேனை
11 ஏப்ரல் 2003

என் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. வாசிக்கும்போதெல்லாம் சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடிகிறது.

நேற்று இறங்கினேன். மேலே வந்து காற்றை நிரப்பினேன், ஜாக்கெற் இருந்த இடத்தில் இருந்தது. அலை நல்லாக அடித்தது. நான் மூச்சு விட்டுக்கொண்டு மிதந்தேன், அம்மா.

பின்னேரம் ஹியூபேட், நிலையத்துக்குப் புதிதாய் வந்திருக்கிற சிவமணிக்கு ஆம்பிளை ஜாக்கெற் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது அவளுக்குச் சரிவராது என்றேன். "ஏன், அவவுக்கும் தனியா வேணுமோ?" என்று கேட்டார்.

"ஓம். அவவுக்கும் வேணும். அது வரும்வரைக்கும் நானும் இறங்கமாட்டன்" என்றேன். முகம் சிவந்து எழுந்து போனார். இன்று காலை, எங்கே வாங்கலாம் என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். கடையின் விலாசத்தை உடனே எழுதுங்கள்.

அண்ணா இன்னும் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அவர் எழுதாமல் நானும் எழுதமாட்டேன். ஆனால் உங்களுக்கு எழுதுவேன், சுவரோடு கதைக்க நேரமில்லாத அளவுக்கு எழுதுவேன்.

உங்கள் மகள்
டோரின்