கண் திறந்து ஒரு குண்டு

ஆவணி, வியாழன் இரவு.

இன்று துப்பாக்கி சுடும் பயிற்சி. ஸ்டேஷன் வாசலில் பாரா நிற்கும்போதெல்லாம் என் தோளில் தொங்குகிற துப்பாக்கியை, டிரெய்னிங் முடித்து கான்ஸ்டபிள் ஆன பிறகு இன்றைக்குத்தான் சுட்டேன். எத்தனை நாள் ஆசை! ஆனால் விசையை இழுக்கும்போதெல்லாம் பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எதிரே இருந்த அட்டையில் ஒரு ஓட்டைகூட விழவில்லை.

"ஐயா, இன்னொரு தடவை சுட்டுப் பாக்குறேங்க," என்று எஸ்.ஐ.யிடம் கேட்டேன்.

"குண்டுக்கு நான் எங்கிட்டுப் போறதும்மா? மொதல்ல காலித் தோட்டாவைப் பொறுக்குங்க. ஒண்ணு கொறஞ்சாலும் ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது."

சொல்லி வைத்தாற்போல ஒன்று குறைந்தது. பொழுது சாயும்வரை எல்லோரும் மண்டியிட்டுப் புல்லை விலக்கித் தேடினோம். சுட்டதென்னவோ ஒரு டீ குடிக்கிற நேரம்தான். கடைசியில் அது நாங்கள் படுத்துச் சுட்ட தார்ப்பாயின் மடிப்பில் கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஓட்டை விழாத என் அட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாளைக் காலையில் ஒரு கைதியைக் கறம்பக்குடி பஸ்ஸில் கோர்ட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதே துப்பாக்கியோடு நான்தான் காவல். ஸ்கூல் பிள்ளைகள் ஏறுகிற நேரம், பஸ்ஸில் நிற்க இடமிருக்காது.

தோள் வலிக்கிறது. அந்த வலிகூடப் பிடித்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை கிடைத்தால் போதும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட வேண்டும், குண்டு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்போது பேனாவை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து வெறும் விரலை மடக்கிப் பார்த்தேன்.

கண் தானாக மூடிக்கொண்டது.